கிணற்று நீரில் நோய்க்கிருமிகள் கலப்பது எவ்வாறு?

"எங்கள் தோட்டத்துக் கிணற்று நீர் பளிங்கு போன்றது. பாட்டன் காலத்திலிருந்து இதைத்தான் குடித்து வருகிறோம்" என்று பெருமையுடன் கூறும் உழவர்கள் பலர். அவர்கள் கூறுவதில் ஒரு பகுதி உண்மையே. ஏரி, குளம், வாய்க்கால் ஆகியவற்றின் நீரைக் காட்டிலும் நிலத்தடி நீர் பொதுவாகத் தூய்மையானது. மண்ணின் வழியே மெல்ல இறங்கி வரும்போது அது வடிகட்டப்பட்டு விடுகிறது.

ஆனால் இரண்டு செய்திகளை நாம் மறந்துவிடக் கூடாது. முதலாவது, தெளிவான நீர் எல்லாம் தூய நீர் ஆகாது. ஒரு மில்லிலிட்டர் நீரில் பல ஆயிரம் பாக்டீரியாக்கள் இருந்தாலும் அந்த நீர் கலங்கலாகத் தோன்றுவதில்லை, நாற்றமும் அடிப்பதில்லை, சுவையும் மாறுவதில்லை. இரண்டாவது, பாட்டன் காலத்துக் கிணறு அதே இடத்தில் இருந்தாலும், அதைச் சுற்றியிருப்பவை மாறிவிட்டன. தோட்டத்து வீட்டில் கழிப்பறை வந்துள்ளது. இரண்டு மாடு இருந்த இடத்தில் எட்டுக் கறவை மாடுகள் நிற்கின்றன. கோழிப் பண்ணை வந்துள்ளது. பயன்படாத பழைய கிணறுகளும் ஆழ்துளைகளும் பெருகியுள்ளன. ஆகவே, கிணற்று நீருக்குள் நோய்க்கிருமிகள் எந்த வழியாகப் புகுகின்றன, அவ்வழிகளை எவ்வாறு அடைக்கலாம் என்பதை ஒவ்வொரு உழவரும் அறிந்திருப்பது இன்றியமையாததாகும்.

கிருமிகள் எங்கிருந்து வருகின்றன?

குடிநீரால் பரவும் நோய்க்கிருமிகளுள் பெரும்பாலானவை நிலத்தடி நீரில் இயற்கையாகத் தோன்றுபவை அல்ல. அவை மனிதரின் குடலிலிருந்தும் கால்நடைகளின் குடலிலிருந்தும் மலம், சாணம் ஆகியவற்றோடு வெளியேறுபவை. இவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

1. பாக்டீரியாக்கள்: காலரா எனும் வாந்திபேதி, டைபாய்டு எனும் குடற்காய்ச்சல், ஒருவகைச் சீதபேதி ஆகியவற்றை உண்டாக்குபவை. இவற்றின் நீளம் ஏறத்தாழ 1 முதல் 5 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரான் ஆகும்.

2. வைரஸ்கள்: மஞ்சட்காமாலையை உண்டாக்கும் 'ஏ', 'ஈ' வகைக் கல்லீரல் அழற்சி வைரஸ்களும், குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குக் காரணமான ரோட்டா வைரசும் இவ்வகையின. இவை பாக்டீரியாவைவிடப் பன்மடங்கு சிறியவை. ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு.

3. ஓரணு உயிர்கள்: அமீபாச் சீதபேதியை உண்டாக்குபவை இவற்றுள் அடங்கும். இளங்கன்றுகளின் கழிச்சலில் ஏராளமாக வெளியேறும் 'கிரிப்டோஸ்போரிடியம்' என்பதும் இவ்வகையே. இவை தடித்த ஓடு ஒன்றினுள் அடங்கி நீரில் நெடுநாள் உயிர் வாழும். அளவு 4 முதல் 15 மைக்ரான்.

4. குடற்புழு முட்டைகள்: ஏறத்தாழ 50 மைக்ரான் அளவுள்ளவை. மண்ணில் ஆண்டுக் கணக்கில் உயிரோடு இருக்கக் கூடியவை.

இந்த அளவுகளை நினைவில் வைத்துக் கொள்வது நல்லது. எந்தக் கிருமி மண்ணில் தங்கும், எது மண்ணைக் கடந்து கிணற்றைச் சேரும் என்பது இதைப் பொறுத்தே உள்ளது.

மண் எனும் வடிகட்டி

நெல்லைச் சலிக்கும்போது சல்லடைக் கண்ணைவிடப் பெரியவை மேலே தங்குகின்றன. சிறியவை கீழே இறங்குகின்றன. மண்ணும் முதலில் இவ்வாறே வேலை செய்கிறது. புழு முட்டைகள் மேல் மண்ணிலேயே தங்கிவிடுகின்றன. ஓரணு உயிர்களும் பெரும்பாலும் சிக்கிக் கொள்கின்றன. பாக்டீரியாக்களில் ஒரு பகுதி தங்குகிறது. வைரஸ்களோ எந்தச் சல்லடைக்கும் அகப்படாதவை.

எனினும் மண் வெறும் சல்லடை மட்டும் அன்று. களித் துகள்களின் மேற்பரப்பில் மின்னூட்டம் உண்டு. உரச் சத்துகளைப் பிடித்து வைத்துக் கொள்வது போலவே, களிமண் வைரஸ்களையும் பாக்டீரியாக்களையும் தன்மேல் ஒட்ட வைத்துக் கொள்கிறது. மேலும், மேல் மண்ணில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வெளியிலிருந்து வந்த நோய்க்கிருமிகளை உண்டும், அவற்றோடு போட்டியிட்டும் அழிக்கின்றன. வெயிலும் வறட்சியும் மீதியைக் குறைக்கின்றன.

இந்த வேலைகள் நடைபெற இரண்டு தேவைகள் உள்ளன. ஒன்று, நீர்மட்டத்துக்கு மேலே போதிய கனத்துக்கு ஈரமற்ற மண் இருக்க வேண்டும். மற்றொன்று, போதிய காலம் வேண்டும். நிலத்தடியில் கிருமிகள் பெருகுவதில்லை, நாளடைவில் மடிகின்றன. ஆதலால்தான் ஜெர்மனி, இங்கிலாந்து போன்ற நாடுகளில், நீர் நிலத்தடியில் 50 நாட்கள் பயணம் செய்து கிணற்றை அடையும் தொலைவுவரை உள்ள நிலத்தைப் பாதுகாப்பு வட்டமாகக் குறித்துள்ளனர். அந்த வட்டத்துக்குள் கழிவுகளை இடுவது கட்டுப்படுத்தப்படுகிறது.

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, "என் கிணற்றுக்கும் சாணக் குழிக்கும் இடையே எத்தனை அடி?" என்பது மட்டும் அன்று. "அங்கிருந்து புறப்படும் நீர் மண்ணின் வழியாக மெல்ல வருகிறதா, அல்லது குறுக்கு வழியில் ஒரே நாளில் வந்துவிடுகிறதா?" என்பதே முதன்மையான கேள்வி. கிணறு கெடுவது பெரும்பாலும் குறுக்கு வழிகளால்தான்.

குறுக்கு வழிகள் யாவை?

பாறை வெடிப்புகள்: தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடினப் பாறைப் பகுதியாகும். இங்கு மண்ணின் ஆழம் குறைவு. அதன் கீழே சிதைந்த பாறையும், அதற்கும் கீழே வெடிப்புகள் உள்ள பாறையும் காணப்படுகின்றன. நமக்கு நீர் தருவது இந்த வெடிப்புகளே. நீர் தரும் அதே வெடிப்பு கழிவையும் கொண்டு வரும். மெல்லிய மணலில் நாளொன்றுக்குச் சிறிது தொலைவே நகரும் நீர், அகன்ற பாறை வெடிப்பில் ஒரே நாளில் பல பத்து மீட்டர் ஓடிவிடும். வடிகட்டுவதற்கு அங்கு மண்ணும் இல்லை; காலமும் இல்லை.

கரிசலின் பிளவுகள்: கோடையில் கரிசல் நிலம் கை நுழையும் அளவுக்குப் பிளந்து கிடப்பதை நீங்கள் அறிவீர்கள். முதல் மழை பெய்ததும், மண் ஊறிப் பிளவு மூடுவதற்கு முன்பே, மேலே கிடக்கும் சாணத்தையும் மலத்தையும் கரைத்துக் கொண்டு நீர் அப்பிளவுகளில் நேராக இறங்கிவிடுகிறது. களிமண் சிறந்த வடிகட்டி என்பது பிளவில்லாத களிமண்ணுக்கே பொருந்தும்.

கிணற்றின் வாய்: கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் மழைநீர் தரைமீது ஓடி வந்து நேரே விழுகிறது. சுவர் இருந்தும் சுற்றிலும் சிமெண்டுத் தளம் இல்லையெனில், குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் சுவரை ஒட்டி இறங்கி, கல் இடுக்குகள் வழியாக மீண்டும் கிணற்றுக்குள் கசிகின்றன. மாட்டுக் கொட்டகைத் தரையில் கிடந்த வாளியும் கயிறும் கிணற்றுக்குள் இறங்கும்போது, அத்துடன் சாணமும் இறங்குகிறது.

துளைக் கிணற்றின் குழாய்: ஆழ்துளைக் கிணறு ஆழமானது, ஆகவே பாதுகாப்பானது என்று எண்ணுவோர் உண்டு. துளைக்கும் அதனுள் இறக்கிய குழாய்க்கும் இடையே உள்ள வெளி அடைக்கப்படாவிட்டால், மேல்நீர் அந்த இடைவெளி வழியாகவே கீழே வழிந்து செல்லும். 100 மீட்டர் ஆழம் துளைத்தும், 3 மீட்டர் ஆழத்து நீரைக் குடிப்பதற்கு அது ஒப்பாகும்.

பம்புக்கு நீர் ஊற்றுதல்: புட்வால்வு ஒழுகும்போது, மோட்டாரை ஓட்டுவதற்கு முன் பம்பில் நீர் ஊற்றுகிறோம். அவசரத்தில் வாய்க்கால் நீரையோ தொட்டியில் தேங்கிய நீரையோ ஊற்றுவதுண்டு. ஒழுக்கை அடைப்பதற்காகச் சாணக் கரைசலையே ஊற்றுவோரும் உண்டு. இது கிணற்றில் நாமே கிருமியை விதைப்பதாகும். புட்வால்வின் தோல் வளையத்தை மாற்ற ஆகும் செலவு மிகச் சிறிது.

பாழுங் கிணறுகள்: நீர் வற்றிய கிணற்றில் குப்பையையும் இறந்த கோழிகளையும் கொட்டுவது வழக்கமாகி வருகிறது. வற்றிய கிணறும் வற்றாத கிணறும் நிலத்தடியில் ஒரே வெடிப்பால் இணைந்திருக்கலாம். மழைக்காலத்தில் நீர்மட்டம் உயரும்போது அங்கு கொட்டியது இங்கு வந்து சேரும்.

கழிப்பறைக் குழி: 2014இல் தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கியபின் சிற்றூர்களில் கழிப்பறைகள் பெருகியுள்ளன. இது நன்மையே. திறந்த வெளியில் கிடக்கும் மலத்தைவிட மூடிய குழியில் இருப்பது எவ்வளவோ மேல். ஆனால் குழியின் அடிப்பாகம் மழைக்கால நீர்மட்டத்தைத் தொடுமானால், மலம் நேரே நிலத்தடி நீரில் கரைகிறது. குழி தோண்டும்போது பெரும்பாலும் கோடைக்கால நீர்மட்டத்தையே பார்க்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் நீர் எந்த அளவுக்கு ஏறும் என்பதை வைத்தே குழியின் ஆழத்தை முடிவு செய்தல் வேண்டும்.

வாக்கர்டன் தரும் பாடம்

இந்தக் குறுக்கு வழிகள் ஒன்று சேர்ந்தால் என்ன நேரும் என்பதற்குக் கனடா நாட்டில் நடந்த நிகழ்ச்சி ஒன்றைக் கூறலாம். ஒண்டாரியோ மாநிலத்தில் வாக்கர்டன் என்னும் சிற்றூர் உள்ளது. 2000ஆம் ஆண்டில் அவ்வூரில் வாழ்ந்தோர் ஐயாயிரத்துக்கும் குறைவானவர்கள். சுற்றிலும் கால்நடைப் பண்ணைகள். ஊருக்குக் குடிநீர் தந்தவை துளைக் கிணறுகள்.

அவற்றுள் ஐந்தாம் எண் கிணறு 15 மீட்டர் ஆழம் கொண்டது. ஆனால் பாதுகாப்புக் குழாய் ஏறத்தாழ 5 மீட்டர் ஆழம் வரையே இறக்கப்பட்டிருந்தது. நீர் வந்ததோ 5.5 முதல் 7.4 மீட்டர் ஆழத்துக்குள் இருந்த வெடிப்புள்ள பாறையிலிருந்து. மேலே மூடியிருந்த மண்ணின் கனம் சில மீட்டரே. அருகிலிருந்த பண்ணையின் உரிமையாளர் அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் தம் நிலத்தில் மாட்டெரு இட்டார். மே 8 முதல் 12 வரை ஐந்து நாட்களில் 134 மில்லிமீட்டர் மழை பெய்தது. சாணத்திலிருந்த 'ஈ. கோலை ஓ157', 'காம்பைலோபாக்டர்' என்னும் இரு பாக்டீரியாக்கள் கிணற்றுக்குள் புகுந்தன. நீரில் சேர்க்க வேண்டிய குளோரினும் போதிய அளவு சேர்க்கப்படவில்லை. சில நாட்களில் ஊரில் இரத்தக் கழிச்சல் பரவியது. 2,300க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்; ஏழு பேர் மாண்டனர்.

இதை விசாரித்த நீதிபதி டென்னிஸ் ஓகானர் 2002இல் தம் அறிக்கையை வெளியிட்டார். அதில் உழவர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உள்ளது. எரு இட்ட பண்ணையாளர் மீது அவர் எக்குற்றமும் காணவில்லை. முறைப்படியே அவர் எரு இட்டிருந்தார். எரு இடுவது தவறன்று. ஆழம் குறைந்த குழாயும், வெடிப்புள்ள பாறையும், பெருமழையும், காப்பற்ற குடிநீரும் ஒன்று சேர்ந்ததே கேட்டை விளைவித்தது. நம் ஊர்களில் வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்புதான் தொழு உரத்தை வயலுக்கு வண்டி வண்டியாக அடிக்கிறோம். குடிநீர்க் கிணற்றையும் அந்த வயலிலேயே வைத்திருக்கிறோம். ஆகவே இப்பாடம் நமக்கும் உரியதே.

உங்கள் கிணற்றை நீங்களே சோதியுங்கள்

உலக நலவாழ்வு நிறுவனம் கிணறுகளைப் பார்வையிட எளிய வினாப் பட்டியல்களைப் பரிந்துரைக்கிறது. அம்முறையில் நம் தோட்டக் கிணறுகளுக்கு ஏற்ற பத்து வினாக்கள் கீழே தரப்பட்டுள்ளன. இதழைக் கையில் எடுத்துக் கொண்டு கிணற்றடிக்குச் சென்று, ஒவ்வொன்றுக்கும் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று குறித்துக் கொள்ளுங்கள்.

1. கிணற்றிலிருந்து 10 மீட்டருக்குள் கழிப்பறைக் குழியோ சாக்கடையோ உள்ளதா?
2. கழிப்பறை, கிணற்றைவிட மேட்டுப் பாங்கான இடத்தில் உள்ளதா?
3. 10 மீட்டருக்குள் எருக்குழி, குப்பைமேடு, மாட்டுக் கொட்டகை, கோழிக் கொட்டகை ஆகியவற்றில் ஏதேனும் உள்ளதா?
4. கைப்பிடிச் சுவர் இல்லையா, அல்லது இடிந்துள்ளதா?
5. கிணற்றைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்காவது வெடிப்பில்லாத சிமெண்டுத் தளம் இல்லையா?
6. கிணற்றடியில் இரண்டு மீட்டருக்குள் நீர் தேங்குகிறதா?
7. கிணற்றுச் சுவரின் மேல் 3 மீட்டரில் இடுக்குகள், மர வேர்கள், கசிவுகள் தென்படுகின்றனவா?
8. வாளியும் கயிறும் தரையில் கிடக்கின்றனவா?
9. மாடுகள் கிணற்றடி வரை வந்து நீர் அருந்துகின்றனவா?
10. மழை பெய்த மறுநாள் நீர் கலங்குகிறதா?

'ஆம்' என்ற விடைகள் ஐந்துக்கு மேல் இருந்தால், அந்த நீரைக் காய்ச்சாமல் குடிப்பது ஆபத்தானது என்று கொள்ளுங்கள். பத்தாவது வினாவுக்கு மட்டும் 'ஆம்' என்று விடை வந்தாலும் போதும். மேல்நீர் மண்ணைத் தொடாமல் குறுக்கு வழியில் வருகிறது என்பதற்கு அதுவே சான்று.

செய்ய வேண்டியவை

முதலில் காசு செலவில்லாதவற்றைச் செய்வோம். எருக்குழியையும் குப்பைமேட்டையும் கிணற்றுக்குச் சரிவான பக்கத்துக்கு, கூடுமானவரை 30 மீட்டர் (100 அடி) தள்ளி மாற்றுங்கள். கொட்டகையின் சிறுநீரும் கழுவிய நீரும் கிணற்றுப் பக்கம் ஓடாதவாறு வரப்புக் கட்டி, தென்னை அல்லது தீவனப் புல் பாத்திக்குத் திருப்புங்கள். வாளியை மாட்டக் கொக்கி ஒன்று அடியுங்கள். குடிநீர்க் கிணற்றைச் சுற்றியுள்ள வட்டத்தில் பெருமழைக்கு முன்பாகப் பச்சைச் சாணம் இடுவதைத் தவிருங்கள்.

அடுத்து, சிறு செலவில் செய்யக் கூடியவை. கிணற்றின் உட்சுவரை மேலிருந்து 3 மீட்டர் ஆழத்துக்குச் சிமெண்டுக் கலவையால் பூசுங்கள். அப்போது மேல்நீர் குறைந்தது 3 மீட்டர் மண்ணைக் கடந்தே உள்ளே வர முடியும். கைப்பிடிச் சுவரும், வெளிப்புறம் சரிந்த சிமெண்டுத் தளமும், நீரைத் தொலைவில் கொண்டு விடும் வடிகாலும் அமையுங்கள். துளைக் கிணறாயின், குழாயைத் தரைக்கு மேல் 30 செ.மீ. நீட்டி, இறுக மூடி, சுற்றியுள்ள இடைவெளியைச் சிமெண்டுக் குழம்பால் அடைக்கச் சொல்லுங்கள்.

கழிப்பறைக் குழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து 30 மீட்டர் தள்ளியும், அதன் அடி மழைக்கால நீர்மட்டத்துக்கு 1.5 மீட்டருக்குக் குறையாமல் மேலேயும் இருப்பது நல்லது. பாறை வெடிப்பு உள்ள இடங்களில் இத்தொலைவும் போதாமற் போகலாம். கால் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருப்போருக்கு இவ்வளவு இடம் இராது என்பது உண்மையே. அத்தகையோர் குழியின் அடியைக் களிமண்ணால் கெட்டித்து, சுற்றிலும் அரை மீட்டர் கனத்துக்கு மெல்லிய மணலை நிரப்பலாம். கழிவு பக்கவாட்டில் மணலைக் கடந்து செல்லும்போது வடிகட்டப்படும். ஆழமான ஒரே குழியைவிட, ஆழம் குறைந்த இரட்டைக் குழிகள் சிறந்தவை.

எருவை நன்கு மக்கச் செய்து இடுவது பயிருக்கும் நல்லது, கிணற்றுக்கும் நல்லது. குவியல் முறையில் மக்கும் எருவில் 55 டிகிரி செல்சியஸ் வெப்பம் 15 நாட்கள் நீடித்து, அக்காலத்தில் குறைந்தது ஐந்து முறை கிளறிவிடப்பட்டால், நோய்க்கிருமிகள் பெரிதும் அழிகின்றன. குவியலுக்குள் செருகிய இரும்புக் கம்பியைச் சற்று நேரம் கழித்து எடுத்தால் கையால் பிடிக்க முடியாத சூடு இருக்க வேண்டும். சூடேறாத எரு, மக்கியது போல் தோன்றினாலும் கிருமி நீங்கியதன்று.

மழைநீரைக் கிணற்றில் சேர்க்கும் முறையை நாங்களே பரிந்துரைத்து வருகிறோம். அதில் ஓர் எச்சரிக்கை தேவை. வயலில் ஓடும் நீரை வாய்க்கால் வெட்டி நேரே கிணற்றுக்குள் விடாதீர்கள். கூழாங்கல், சரளை, மணல் ஆகியவற்றை அடுக்கிய வடிகட்டும் தொட்டி வழியாகவே விடுங்கள். அவ்வடுக்கு மண்டியையும் குப்பையையும் நீக்குமே தவிர, வேகமாக ஓடும் நீரிலுள்ள கிருமிகளை முழுவதும் நீக்காது. ஆகவே குடிநீருக்கென உள்ள கிணற்றை நீர் சேர்க்கும் கிணறாக ஆக்க வேண்டாம்.

குளோரின் இடும் முறை

வீட்டுக் கிணற்றுக்குச் சலவைத் தூள் (பிளீச்சிங் பவுடர்) இடுவது எளிய முறை. 1000 லிட்டர் நீருக்கு 2.5 கிராம் நல்ல தூள் தேவை. நீரின் அளவைக் கீழ்க்கண்டவாறு கணக்கிடலாம்.

வட்டக் கிணறாயின், விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீரின் ஆழத்தாலும் பெருக்கி, அதை 785ஆல் பெருக்கினால் லிட்டர் அளவு கிடைக்கும். அளவுகள் மீட்டரில் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 3 மீட்டர் விட்டமும் 2 மீட்டர் நீர் ஆழமும் உள்ள கிணற்றில், 3 x 3 x 2 x 785 = 14,130 லிட்டர் நீர் உள்ளது. இதற்கு ஏறத்தாழ 35 கிராம் தூள் தேவை. சதுரக் கிணறாயின், நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கி, 1000ஆல் பெருக்குக.

தூளை வாளியில் இட்டுச் சிறிது நீர் விட்டுக் குழைத்து, பின் முக்கால் வாளி நீர் ஊற்றிக் கலக்கிப் பத்து நிமிடம் தெளிய விடுக. அடியில் தங்கும் சுண்ணாம்பை விட்டுவிட்டு, தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, அதைக் கிணற்று நீருக்குள் இறக்கி மேலும் கீழும் அசைத்துக் கலக்குக. ஒரு மணி நேரம் கழித்தே நீரைப் பயன்படுத்த வேண்டும். மாலையில் இட்டுக் காலையில் எடுப்பது நன்று. திறந்து வைத்த தூள் விரைவில் வீரியம் இழக்கும். எனவே புதிய தூளாகப் பார்த்து வாங்குக. கலங்கிய நீரில் குளோரின் சரிவர வேலை செய்யாது.

பாசனக் கிணற்றுக்கு இம்முறை பொருந்தாது. இட்ட தூள் அன்றே வயலுக்குப் போய்விடும். அங்கிருந்து குடிக்க எடுக்கும் நீரை மட்டும் காய்ச்சுவதே சிறந்தது. நீர் நன்கு தளதளவெனக் கொதித்தால் நால்வகைக் கிருமிகளும் மடிகின்றன. குளோரினுக்கு அடங்காத கிரிப்டோஸ்போரிடியமும் கொதிநீரில் மடியும். காய்ச்சிய நீரை மூடி வைத்து, கை படாமல் அகப்பையால் எடுக்க வேண்டும். குடிக்க மட்டுமன்றி, பால் கறக்கும் பாத்திரங்களை இறுதியாக அலசவும் இந்நீரையே பயன்படுத்துக. கெட்ட நீரில் அலசிய பாத்திரம் நல்ல பாலையும் கெடுத்துவிடும்.

நீர்ப் பரிசோதனை

நோய்க்கிருமிகள் ஒவ்வொன்றையும் தேடிக் காண்பது கடினம். ஆகவே மனிதர், கால்நடைகளின் குடலில் எப்போதும் வாழும் 'ஈ. கோலை' பாக்டீரியா உள்ளதா என்று பார்க்கின்றனர். அது இருந்தால், மலமோ சாணமோ நீரில் கலந்துள்ளது என்பது உறுதி. 100 மில்லிலிட்டர் குடிநீரில் ஒரு ஈ. கோலைகூட இருத்தலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

சிற்றூர்களுக்கேற்ற எளிய சோதனை ஒன்றை இந்திய ஆராய்ச்சியாளர்கள் 1982இல் உருவாக்கினர். மருந்து தோய்ந்த தாள் உள்ள சிறு புட்டியில் நீரை நிரப்பி, ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை வைத்திருந்து பார்க்க வேண்டும். நீர் கறுத்தால் மலக் கலப்பு உள்ளதெனக் கொள்ளலாம். இத்தகைய புட்டிகள் உங்கள் ஊராட்சியில் கிடைக்குமா எனக் கேட்டறியுங்கள். விரிவான சோதனைக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தை அணுகலாம். அவர்கள் தரும் கிருமி நீக்கிய புட்டியிலேயே நீரை எடுத்து, குளிர்ச்சியாக வைத்து, அன்றே சேர்ப்பிக்க வேண்டும்.

சோதனைக்கு ஏற்ற காலம் எது? கோடையில் எடுத்த நீர் நல்லதென வந்தால், அதை நம்பி ஆண்டு முழுவதும் இருந்துவிடக் கூடாது. குறுக்கு வழிகள் திறப்பது மழையில்தான். ஆகவே முதல் பெருமழை பெய்த சில நாட்களுக்குள் எடுத்த நீரே கிணற்றின் உண்மை நிலையைக் காட்டும்.

முடிவுரை

பயிருக்கு நோய் வந்தால் இலையில் புள்ளி தெரிகிறது. நாம் விழித்துக் கொள்கிறோம். கிணற்றுக்கு நோய் வந்தால் எந்தப் புள்ளியும் தெரிவதில்லை. வீட்டிலுள்ள சிறு குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு ஏற்படுவதுதான் பெரும்பாலும் அதன் முதல் அடையாளம். அது தோன்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மண் நமக்கு அளித்துள்ள வடிகட்டி மிகச் சிறந்தது. நீர் அதன் வழியாகவே கிணற்றை அடையுமாறு செய்வதும், மற்ற வழிகளை அடைப்பதும் நம் கையில் உள்ளன. வரும் மழைக்கு முன்பாக, மேலே கண்ட பத்து வினாக்களுக்கும் உங்கள் கிணற்றடியில் நின்று விடை காணுங்கள்; 'ஆம்' என்று வந்தவற்றுள் ஒன்றையேனும் இம்மாதமே மாற்றி அமையுங்கள்.